அஞ்சு கொட்டகைக்கு வாசல் மாத்துன கதை

— வரமாட்டேன்னா வரமாட்டேன் தாயி. நூறு தடவ கேட்டாலும் இந்தப் பூமாலை சொல்லு ஒண்ணுதான். பஸ் ஏறி வந்ததுக்கு ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போ, வேணாங்கல. தா.பழூரு வரைக்கும் மட்டும் என்னைக் கூப்புடாத.

— ஏன் பெரியப்பா ஒரேயடியா இப்படிச் சொல்றீங்க? வெள்ளிக்கிழமை ஒரு நாளு. காலையில வந்து ஆபீசரு முன்னால நாலு வார்த்த பேசிட்டு சாயங்காலம் திரும்பிடலாம். நானே வந்து கூட்டிக்கிட்டுப் போறேங்க.

— முட்டி ரெண்டும் போச்சு. முப்பது வருசம் மூட்ட சுமந்த காலு. இப்ப இந்தக் கோணி ஊசியப் புடிச்சு நாலு சாக்கு தைக்கிறதோட சரி. பஸ்ஸு படி ஏறணும்னா ரெண்டு பேரு தூக்கி வெக்கணும். கேட்டுக்க, நான் மத்ததத் தூக்குனவன். என்னைத் தூக்க வெக்காத.

— அந்தப் பொண்ணு நம்பும்னு பாக்குறியா? நேத்திக்குக் கல்லங்குறிச்சிக்கு நடந்தே போயி பெருமாளக் கும்பிட்டுட்டு நடந்தே வந்த முட்டிதான் புள்ள அது.

— நீ அடுப்பப் பாரு குஞ்சம்மா. வந்த ஆளுகூடப் பேசிக்கிட்டிருக்கேன்ல.

— பேசு, பேசு. பொண்டாட்டி காது கேக்குற தூரத்துல இருக்கான்னு தெரிஞ்சே பேசு.

— பெரியம்மா, நீங்களாவது சொல்லுங்க. எங்க தெருவ ஒட்டிப் பெரிய குடோன் கட்டுறாங்க. செவுரு எழும்பிடுச்சு. வாசல் எந்தப் பக்கம் வெக்கிறதுங்கிறதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை ஆபீசரு வந்து நின்னு சுண்ணாம்புல கோடு போட்டுட்டுப் போயிடுவாரு. தெருப் பக்கம் போட்டா தெருப் பக்கம், வாய்க்காப் பக்கம் போட்டா வாய்க்காப் பக்கம். அப்புறம் நம்ம ஆயுசுக்கும் மாத்த முடியாது.

— பொறந்த வூடு எங்க புள்ள உனக்கு?

— இந்தப் பக்கந்தாங்க பெரியம்மா. கட்டிக்குடுத்தது தா.பழூருல. வூட்டுக்காரரு பேரு குழந்தைவேலு, ஆயில் இஞ்சின் ரிப்பேரு பாக்குறாரு. எம் பேரு ராசாத்தி. எங்க ஊருல யாரக் கேட்டாலும், அரியலூரு ஸ்டேஷன் தெருவுல பூமாலை மேஸ்திரின்னு ஒருத்தரு இருக்காரு, அஞ்சு கொட்டகை குடோனுக்கே வாசல மாத்தி வெச்ச ஆளுன்னுதான் பேச்சு.

— அப்படியா சொல்றாங்க? தா.பழூருலயா?

— டீக்கடையில சொல்றாங்க. நடவு வயல்ல சொல்றாங்க.

— கேட்டியா குஞ்சம்மா! நம்ம பேரு தா.பழூரு வரைக்கும் போயிருக்கு.

— பேரு போயிருக்கு. ஆளுதான் போவமாட்டேங்குது.

— சரி, வராட்டிப் போவுது பெரியப்பா. எப்படிச் சாதிச்சீங்கன்னாவது சொல்லுங்க. நாலு மணி பஸ்ஸுக்குத்தான் போவணும். மொதல்லேருந்து சொல்லுங்க.

— மொதல்லேருந்துன்னா... அந்தா, கூரை இல்லாம ஒரு செவுரு நிக்குது பாரு, அதான் அஞ்சாவது கொட்டகை. போன வருசந்தான் குடோன மூடி, தகரத்தையெல்லாம் கழட்டிக்கிட்டுப் போனாங்க. அது இருந்தப்ப நீ பாத்திருக்கணும் தாயி. ஒவ்வொரு கொட்டகையிலயும் பத்தாயிரம் மூட்ட. கூரை முட்ட அடுக்கியிருக்கும். மழக்காலத்துல உள்ள நொழஞ்சா புதுச் சாக்கு வாசமும் புழுங்கரிசி வாசமும் சேந்து வரும் பாரு, திங்காமலே வயிறு நெறஞ்சிடும். கணக்கப்புள்ள மூட்டைய ஒண்ணுன்னு எண்ணமாட்டாரு. லாபம்னுதான் ஆரம்பிப்பாரு. லாபம், ரெண்டு, மூணுன்னு அவரு ராகம் போடப் போட, நாங்க முப்பத்திரண்டு பேரும் பலகை மேல ஓடுவோம். பலகை ஆடுற ஆட்டத்துக்குக் காலு தானாப் போவும். முதுவுல இருக்கிற கனமே தெரியாது. இப்பத் தெருவே ஊமையாப் போச்சு. லாரிச் சத்தம் இல்லாம எனக்குக் கண்ண மூடுனாத் தூக்கம் வரமாட்டேங்குது.

— லாரியத் தொரத்துனதும் இந்த மனுசந்தான். லாரி இல்லன்னு பொரண்டு பொரண்டு படுக்கிறதும் இந்த மனுசந்தான்.

— எத்தன லாரி வருங்க?

— அறுவடை முடிஞ்ச மாசத்துல நாப்பது, அம்பது. தெரு எம்மாம் அகலம்னு நெனைக்கிற? ரெண்டு கட்டில் போட்டா மூணாவதுக்கு எடமில்ல. அதுக்குள்ள வந்து வரிசை கட்டிடுவான். முன்னால நிக்கிறவன் நவுரலன்னு பின்னால நிக்கிறவன் ஆரன் அடிப்பான். அவன் அடிக்கிறான்னு அவனுக்குப் பின்னால இருக்கிறவன் அடிப்பான். கொழம்புல புழுதி, கொழந்த கண்ணுல புழுதி. வெளிய காயப்போட்ட வேட்டிய எடுத்தா தொவைக்கிறதுக்கு முன்னால இருந்ததவிட அழுக்கா இருக்கும்.

— அதுக்கு என்ன செஞ்சீங்க?

— வில்லை! தகர வில்லை. அது என் மூளை, தெரிஞ்சுக்க. நம்ம ஸ்டேஷன்ல ரயிலு டிரைவரு கையில ஒரு வளையத்தக் குடுத்துத்தானே வண்டிய வுடுவாங்க? வளையம் இல்லன்னா ஒரு அடி நவுர முடியாதுல்ல? அதப் பாத்துக்கிட்டே நின்னேன் ஒருநாளு. நேரா மேனேஜரு சாமிதுரை சாருகிட்டப் போனேன். சார், ரெண்டே ரெண்டு தகர வில்லை போதும், அத வாட்ச்மேன்கிட்டக் குடுங்க. லாரியெல்லாம் ஸ்டேஷன் மைதானத்துலயே நிக்கட்டும். வில்லை வாங்குனவன் மட்டும் தெருவுக்குள்ள வரட்டும். எறக்கிட்டு வெளிய போயி வில்லையத் திருப்பிக் குடுத்தாத்தான் அடுத்த லாரின்னேன். மறுநாளே தகரத்த வெட்டச் சொல்லிட்டாரு.

— ஆரன்?

— அதுவும் போச்சு. தெருவுக்குள்ள வந்தா கிளீனரு எறங்கித் துண்ட வீசிக்கிட்டு முன்னால நடக்கணும். மாப்புள்ள ஊர்வலம் மாதிரி லாரி பின்னால வரும். புழுதிக்கு குடோன் வண்டியிலயே ரெண்டு வேள தண்ணி தெளிச்சாங்க. அதுக்கப்புறம் அந்த டிரைவருங்க எங்க ஆளுங்களாவே ஆயிட்டாங்க தாயி. பூந்தமல்லிக்காரன் ஒருத்தன், கல்லங்குறிச்சித் தேருக்கு எங்க தெருப் புள்ளைங்க அத்தனையையும் லாரியில ஏத்திக்கிட்டுப் போயி, ஆளுக்கொரு பலூன் வாங்கிக் குடுத்து அழைச்சாந்தான். அந்தப் புள்ளைங்கல்லாம் இன்னிக்குப் புள்ள பெத்துடுச்சுங்க.

— வண்டு பெரியப்பா? பொழுது சாஞ்சா வருமே, அந்தச் செவப்பு வண்டு?

— ஒனக்கு எப்படித் தெரியும்?

— அரிசி இருந்தா வண்டு இருக்காதுங்களா?

— அத இந்த மனுசன் சொல்லக் கூடாது, நான் சொல்றேன். அது என்னுது. கடுகவிடக் கொஞ்சம் பெருசு, அம்புட்டுத்தான். ஆனா ஒண்ணா, ரெண்டா? விளக்கு வெக்கிற நேரம் பாத்துத்தான் கொட்டகையவிட்டுக் கெளம்பும். சோத்துத் தட்டுல விழும், தலைமுடியில பூரும், தூளியில கெடக்கிற கொழந்த காதுல பூரும். மேனேஜருகிட்டச் சொன்னா, ஏழு மணி வரைக்கும் தெருவுல யாரும் விளக்கு ஏத்தாதீங்க, வெளிச்சம் இல்லன்னா வராதுங்கிறாரு. போன ஆம்பளைங்க அத்தன பேரும் சரிங்க சார்னு தலையாட்டிட்டு வந்துட்டானுங்க.

— எல்லாரும் ஆட்டுனாங்க, நானும் ஆட்டுனேன்.

— மறுநாளு நான் ஆபீசுக்கே போயி நின்னேன் புள்ள. சாரே, உங்க வூட்டம்மா வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சப்புறம் விளக்கு வெக்காம இருட்டுல ஒக்காந்திருப்பாங்களா? இருப்பாங்கன்னா ஒரு வார்த்த சொல்லுங்க, நானும் இருந்துட்டுப் போறேன்னேன். மனுசன் பேனாவ மூடுறாரு, தொறக்கிறாரு. அப்புறந்தான் அந்தப் பெரிய பல்பு வந்துச்சு. குடோன் செவுத்துல அஞ்சரைக்கே அது எரியும். கீழ ஒரு இரும்புத் தொட்டி, அதுல தண்ணி, தண்ணி மேல கொஞ்சம் சீமெண்ண. வண்டு பூரா அந்த வெளிச்சத்துக்குப் போயி மொத்தமா விழுந்துடும். நாங்க அரை மணி நேரம் கழிச்சு ஏத்துனாப் போதும். காலையில தொட்டியில படிக் கணக்குல அள்ளிக் கொட்டுவாங்க.

— மருந்து போடுறதுக்கும் ஒரு ஏற்பாடு இருந்துச்சாமே?

— செவப்புக் கொடி. மொதல்ல சொல்லாமக் கொள்ளாமப் போட்டுட்டு இருந்தாங்க. செத்த வண்டப் பொறுக்கித் தின்னுட்டு சம்பூர்ணம் வூட்டுக் கோழி ஏழும் ஒரே நாள்ல போச்சு. அதுக்கப்புறம் மூணு நாளு முன்னாலயே தெருவுல தமுக்கு அடிச்சுச் சொல்லணும், அன்னிக்குக் கொடி கட்டணும்னு பேசி முடிச்சோம். கொடி பறக்குதுன்னா கோழி கூண்டுல, புள்ளைங்க சாவடியில. எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துச்சு தாயி. ஒரு வருசம் நிம்மதியாத்தான் இருந்தோம். குடோனும் நம்மளும் ஒரே குடும்பம் மாதிரி.

— அப்புறம் எதுக்கு வாசல மாத்துனீங்க?

— அதுதான் எங்க ஆத்தா சாவு.

— டீ ஆறிப்போவுது. குடிச்சுட்டுச் சொல்லு.

— வெச்சுட்டுப் போ. கேட்டுக்க தாயி. எழுவத்திரண்டாம் வருசம், மாசி மாசம். எங்க ஆத்தா காலையில செத்துப்போச்சு. அன்னிக்குன்னு பாத்து மேனேஜரு லீவு. அவரு எடத்துல இருந்த கிளார்க்கு, இன்னிக்கு ஒரு நாளைக்கு வில்லை வேணாம், எல்லாத்தையும் உள்ள வுட்டு சட்டுன்னு எறக்கி முடிச்சுடலாம்னான். சாவு வுழுறதுக்கு முன்னால சொன்னது அது. எங்க ஆளுங்களுக்கும் வேல வெரசா முடிஞ்சா நல்லதுன்னு பட்டுச்சு. நானும் ஆவட்டும்னுட்டேன். பதினோரு லாரி தெருவுக்குள்ள, எறக்குற நாங்க அத்தன பேரும் சாவு வூட்டுல. முன்னாலயும் போவ முடியாது, பின்னாலயும் போவ முடியாது.

— பாடை?

— சாயங்காலம் தூக்கிட்டோம். தூக்குனதுக்கப்புறந்தான் பாக்குறோம், லாரிக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு ஆளு ஒருக்களிச்சுப் போவலாம், பாடை போவாது. எங்கள்ல ஒரு வழக்கம் உண்டு. தூக்குன பாடைய வூட்டுக்குத் திருப்பக் கூடாது. எறக்குற மேடையத் தவிர வேற எங்கயும் தரையில வெக்கக் கூடாது. பொம்பளைங்க பின்னால மாரடிச்சு அழுவுறாளுங்க, பறை அடிக்கிறவன் நிறுத்திப்புட்டான், நாலு பேரு தோள்ல ஆத்தா அப்படியே நிக்குது. எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. மொட்ட போட்ட தலையோட, கையில கொள்ளிச்சட்டியோட நிக்கிறேன். அப்பத்தான் அமாவாசை சொன்னான்.

— யாரு அவரு?

— எங்க செட்டுல ஒருத்தன். ஆளு ஒல்லி. ஆனா அவன் தோளு இரும்பு. மேஸ்திரி, கனத்த கை மாத்தி மேல ஏத்துறது நம்ம தொழிலுதானேன்னான். சொல்லிட்டு மொத லாரி மூட்ட மேல ஏறிட்டான். அவன் பின்னால ஒருத்தன், இன்னொருத்தன்னு முப்பத்தோரு பேரும் பதினோரு லாரி மேலயும் ஏறி நின்னுட்டாங்க. எங்க ஆத்தாவக் கீழேருந்து மேல வாங்கி, கை மாத்திக் கை மாத்தி, லாரிக்கு லாரி... ஒரு எடத்துல சாயல தாயி. ஒரு பூ உதிரல. உசுரோட இருந்தவரைக்கும் எங்க ஆத்தா களத்துல குனிஞ்சுதான் கெடந்துச்சு. அன்னிக்குப் பாத்தா வூட்டுக் கூரையெல்லாம் அதுக்குக் கீழ. கடைசி லாரிக்கு முன்னாலயே போயி நின்ன அமாவாசை ஒத்தத் தோள்ல வாங்கிக்கிட்டு, கீழ ஆளு வந்து சேர்ற வரைக்கும் அப்படியே நின்னான். நான் இன்னிக்கும் கண்ண மூடுனா அவன் நிக்கிறதுதான் தெரியும்.

— அழுவாத. அந்தப் பொண்ணு முன்னால.

— அழுவல. கண்ணுல சாக்குத் தூசி.

— மேனேஜரு வந்தாருங்களா?

— சேதி கேட்டு லீவுல இருந்தவரு ஓடியாந்தாரு. செருப்பக் கழட்டிட்டுத் தெரு முனையில நின்னாரு. எட்டாம் நாளு என் கையப் புடிச்சுக்கிட்டு, என்ன வேணும்னாலும் கேளு பூமாலைன்னாரு. வாசலத் திருப்புங்க சார், எங்க தெருவுல இனிமே லாரியே வரக் கூடாதுன்னேன். மனுவா எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன்னாரு. தாலுக்கா கச்சேரி வாசல்ல மனு எழுதுற முருகையன்கிட்டச் சொல்லி எழுதுனோம். என் கையெழுத்து, மத்த முப்பத்தோரு பேரும் கைநாட்டு. மூணே மாசம். முன்வாசல செங்கல் வெச்சு அடைச்சாங்க, பின் செவுத்த இடிச்சு வாசல் வெச்சாங்க. அன்னிக்குத் தெருவுல பொங்க வெச்சோம். அதான் கதை. போயி உங்க ஊருல சொல்லு.

— அது சரிங்க பெரியப்பா. ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கு அந்த வில்லைய நிறுத்தாம இருந்திருந்தா?

— இருந்திருந்தா தெருவுல ரெண்டு லாரிதான் இருந்திருக்கும். அதையும் மைதானத்துக்கு அனுப்பிட்டு பாடை பாட்டுக்குப் போயிருக்கும்.

— அப்ப வாசல் இருந்த எடத்துலயே இருந்திருக்கலாம்.

— இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

— வெள்ளிக்கிழமை நீங்க வந்து சொல்லணும்னு நான் கேக்குறதே அதத்தாங்க. எங்க குடோனுக்கு வாசல் தெருப் பக்கமே இருக்கட்டும்.

— என்னது?

— வில்லை குடுக்கட்டும், தண்ணி தெளிக்கட்டும், பல்ப அவங்க மதிலுக்கு உள்ளயே வெக்கட்டும், கொடி கட்டட்டும். சாவுன்னா அன்னிக்கு லாரியே வரக் கூடாதுன்னு எழுதி வாங்கிக்கிறோம். ஆனா வாசல் எங்க பக்கமே இருக்கட்டும்.

— ஒனக்கென்ன கிறுக்கா? ஊரு ஊராப் போயி நோவை வூட்டுக்குக் கூப்புடுற! குஞ்சம்மா, இது என்ன சொல்லுது கேட்டியா?

— எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நீ சொல்லு புள்ள.

— எங்க தெருவுல எல்லாரும் பின்பக்கம் திருப்பச் சொல்லித்தான் மனு எழுதியிருக்காங்க பெரியம்மா. அரியலூரு மேஸ்திரி செஞ்ச மாதிரியே செய்வோம்னு. மொதக் கையெழுத்து எங்க வூட்டுக்காரரோடது. பின்பக்கம் குடியிருப்பு எதுவும் இல்லைன்னு அதுல ஒரு வரி. அங்க ஆறு வூடு இருக்குங்க. வாய்க்காக் கரையில, செங்கல் அறுக்க வந்தவங்க. நான் சொன்னா வூட்டுல சண்ட. உனக்கு அவங்க என்ன ஒறவா, அரியலூருல பின்பக்கம் யாரு இருக்கான்னு கேட்டாங்களா, மேஸ்திரி கேட்டாராங்கிறாரு. அதான் மேஸ்திரியவே கூட்டிக்கிட்டுப் போலாம்னு வந்தேன்.

— செங்கல் அறுக்கிறவன் இன்னிக்கு இருப்பான், நாளைக்குப் போவான் தாயி. குடோன் அம்பது வருசத்துக்கு நிக்கும்.

— இதையேதான் அன்னிக்கும் சொன்ன.

— குஞ்சம்மா, சும்மா இரு.

— பன்னண்டு வருசமா சும்மாதான் இருக்கேன். நம்ம பின்பக்கம் என்ன இருந்துச்சுன்னு சொல்லு அந்தப் பொண்ணுகிட்ட. தா.பழூரு வரைக்கும் பேரு போயிருக்குன்னு குதிச்சியே, அதையும் சேத்துச் சொல்லி அனுப்பு.

— என்ன இருந்துச்சு? கருவ முள்ளு. கள்ளி.

— அப்புறம்?

— நாலு குடிசை. போதுமா? நாலு குடிசை இருந்துச்சு. அதுல ஒண்ணு அமாவாசையோடது.

— பாடைய வாங்குனாரே, அவரா பெரியப்பா?

— அவன்தான். வாசல் திரும்புன அன்னிலேருந்து அம்பது லாரியும் அவன் குடிசையச் சுத்தித்தான் நின்னுச்சு. அங்க வில்லையும் கெடையாது, தண்ணி வண்டியும் கெடையாது. கேக்குறதுக்கு ஆளில்லயே. அந்தப் பெரிய பல்பக் கழட்டிக்கிட்டுப் போயி பின் செவுத்துல மாட்டுனாங்க. வண்டு பூரா அங்க போச்சு, எங்க தெருவுல ஒரு வண்டு கெடையாது. கழுவி வுட்ட மாதிரி இருந்துச்சு.

— நான் ஒருநாளு வெறகு பொறுக்கப் போயி பாத்துட்டு வந்தேன் புள்ள. பொழுது சாயுறப்ப அந்த நாலு குடிசையிலயும் விளக்கே இல்ல. புள்ளைங்கல்லாம் காதுல துணி அடைச்சுக்கிட்டு இருட்டுல தடவித் தடவிக் கஞ்சி குடிக்குதுங்க. மேனேஜருகிட்ட என் வூட்டு விளக்குக்குச் சண்ட போட்டவ நான். அன்னிக்கு வாயத் தொறக்காமத் திரும்பி வந்துட்டேன். இந்த மனுசன்கிட்டச் சொன்னேன். சோத்துல கையக் கழுவிட்டு எழுந்து போயிட்டாரு.

— வேற என்ன செய்யச் சொல்ற? அவன் ஒரு வார்த்த கேட்டிருந்தாக்கூடப் பரவால்ல. மறுநாளும் வந்தான், மூட்ட தூக்குனான், மேஸ்திரின்னு கூப்புட்டான். ஒரு வருசம் பொறுத்துப் பாத்துட்டுப் பொண்டாட்டி புள்ளையோட எங்கயோ போயிட்டான். அவனும் அந்த மனுவுல கை வெச்சான் தாயி. பின்பக்கம் குடியிருப்பே இல்லைன்னு எழுதுன தாளுல.

— நீங்க சொல்லலையா அதுல என்ன எழுதியிருக்குன்னு?

— சொல்லல. முப்பத்திரண்டு பேருல எழுத்து தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். முருகையன் அந்த வரியப் போடணும், போட்டாத்தான் நிக்கும்னான். போடுன்னேன். தாளு ரெடியானதும் போயி வாங்கியாந்தவனே அமாவாசைதான். மறுநாளு காலையில கொண்டாந்து குடுத்துட்டு, எங்க வெக்கட்டும் மேஸ்திரின்னு கட்ட வெரல நீட்டுனான். நான்தான் மை தடவி எடம் காட்டுனேன். எங்க ஆத்தாவத் தோள்ல வாங்குனவன் வெரலு. இப்பத் தெரியுதா நான் ஏன் வரமாட்டேங்கிறேன்னு? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் ஒரு ஆபீசரு முன்னால வாசலப் பத்திப் பேசுவேன்?

— இதையே வந்து பேசுங்க. வேற ஒண்ணும் வேணாம். நீங்க சொன்னாத்தான் எங்க வூட்டுக்காரரு அந்தத் தாள வாபஸ் வாங்குவாரு.

— உங்க ஊருல சொல்லி எனக்கு என்ன ஆவப்போவுது தாயி? அவனுக்கில்ல சொல்லணும்? அவன் இருக்கிற எடம் தெரிஞ்சா இந்த முட்டியோட நடந்தே போவேன். எழுத்து தெரியாத ஒன்ன ஏமாத்திக் கைநாட்டு வாங்கிட்டேன்டா அமாவாசைன்னு கால்ல விழுந்துட்டு வந்துடுவேன்.

— இனிமே முடியாதுங்க. போன தையில தவறிப்போச்சு. கடைசியில எங்க வூட்டுலதான் இருந்துச்சு.

— அட தெய்வமே. புள்ள, நீ யாரு மவ?

— எங்கப்பா ஏமாறல பெரியம்மா. மனுவ வாங்கியாந்த அன்னிக்கு சாயங்காலம் நேரா வூட்டுக்குத்தான் வந்துச்சு. நான் அப்ப ஆறாவது. தாள என் கையில குடுத்துப் படிக்கச் சொல்லுச்சு. பின்பக்கம் வூடே இல்லைன்னு போட்டிருக்குப்பான்னேன். மெதுவாப் படி, அம்மா காதுல விழுந்துடப் போவுதுன்னு சொல்லிட்டு, பத்திரமா மடிச்சு மடியில வெச்சுக்கிச்சு.